கரையும் முன் ஊற வேண்டும்

தாவரங்கள் தம் உயிரணுக்களைச் சுற்றி எழுப்பிக்கொள்ளும் சுவரின் முதன்மைப் பொருளான செல்லுலோஸ், பூமியில் உயிர்கள் உருவாக்கும் கரிமச் சேர்மங்களிலேயே மிகுதியாகக் கிடைப்பது. 1838-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலர் அன்செல்ம் பாயன் பல வகைத் தாவரத் திசுக்களைத் தூய்மைப்படுத்திப் பார்த்தபோது, இறுதியில் எஞ்சும் நார்ப்பொருள் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருப்பதையும், அதன் தனிம விகிதம் ஸ்டார்ச்சின் விகிதத்தை ஒத்திருப்பதையும் கண்டறிந்தார். ஸ்டார்ச், செல்லுலோஸ் இரண்டுமே குளுக்கோஸ் அலகுகள் தொடராகக் கோக்கப்பட்ட பலபடிகள்தாம். அதாவது, ஒரே வகைச் சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ இணைந்து உருவான நெடுமூலக்கூறுகள். ஆனால் அலகுகள் இணையும் கோணம் மாறுபடுவதால், ஸ்டார்ச்சின் தொடர் சுருண்டுகொள்ள, செல்லுலோஸின் தொடர் நாடாவைப் போல நீண்டு தட்டையாக நிற்கிறது. அருகருகே அடுக்காக அமையும் இத்தகைய தொடர்களுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள், அதாவது ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனை இன்னொன்றின் ஆக்சிஜன் ஈர்த்துப் பிடிக்கும் மெல்லிய பற்றுகள், எண்ணற்ற அளவில் ஏற்பட்டு, அவற்றைப் படிக ஒழுங்கில் இறுக்கிவிடுகின்றன. இதன் விளைவாகவே வெந்நீரில் ஸ்டார்ச் குழைந்துவிட, பருத்தித் துணியோ எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் துணியாகவே மிஞ்சுகிறது.

நைலானையும் பாலியெஸ்டரையும் உருக்கி, நுண்துளைகளின் வழியே பிழிந்து இழையாக்க முடிகிறது. செல்லுலோஸுக்கு அந்த வழி அடைபட்டது. ஏனெனில் அது உருகுவதற்குரிய வெப்பநிலையை எட்டும் முன்பே கருகிச் சிதைந்துவிடுகிறது. மரத்தின் குறுநார்களிலிருந்து நெசவுக்கு ஏற்ற நீள இழைகளைப் பெற வேண்டுமானால், அதை ஏதேனும் ஒரு நீர்மத்தில் கரைத்து, கரைசலாகப் பிழிந்து, மறுபடியும் திண்மமாக்குவதே எஞ்சிய ஒரே வழி. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செயற்கைப் பட்டு, ரேயான், மோடல், லையோசெல் என்று பல பெயர்களில் வந்த இழைகளின் வரலாறு, இந்த ஒரு வினையை எப்படிச் செய்வது என்பதைச் சுற்றியே சுழன்றிருக்கிறது.

1857-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எட்வார்ட் ஷ்வைட்சர், தாமிர உப்பும் அம்மோனியாவும் கலந்த நீலக் கரைசல் பருத்தியைக் கரைப்பதைக் கண்டார். பிரான்ஸில் ஹிலேர் த ஷார்டனே, செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தால் மாற்றி எரியும் தன்மையுள்ள நைட்ரோசெல்லுலோஸாக்கி, அதிலிருந்து இழை எடுத்தார். இவற்றையெல்லாம் பின்தள்ளி நின்றது, 1892-இல் பிரிட்டனில் சார்லஸ் கிராஸ், எட்வர்ட் பெவன், கிளேட்டன் பீடில் ஆகிய மூவரும் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் முறை. மரக்கூழைக் காரத்தில் ஊறவைத்து, கார்பன் டைசல்ஃபைடு என்னும் எளிதில் ஆவியாகும் நீர்மத்துடன் வினைபுரியச் செய்து, நீர்த்த காரத்தில் கரையக்கூடிய ஒரு வழிப்பொருளாக மாற்றி, பல மணிநேரம் பக்குவப்பட விட்டு, கந்தக அமிலத் தொட்டிக்குள் பிழிவது அதன் செயல்முறை. கார்பன் டைசல்ஃபைடு நரம்புகளையும் மனநிலையையும் இதயத்தையும் தாக்கும் நஞ்சு என்பதை ஆலைத் தொழிலாளர்களின் உடல்களே உலகுக்குச் சொல்ல நேர்ந்தது. பவானிக் கரையில் சிறுமுகையிலும், கேரளத்தின் சாலியாற்றங்கரையில் மாவூரிலும் இயங்கிய விஸ்கோஸ்துறை ஆலைகளின் கழிவுகளை எதிர்த்து மக்கள் போராடியதும், அவ்வாலைகள் பின்னர் மூடப்பட்டதும் தென்னிந்திய வாசகர் பலரும் அறிந்த வரலாறு. விஸ்கோஸ் முறையில் செல்லுலோஸ் நேரடியாகக் கரைவதில்லை; முதலில் வேதிமாற்றம் அடைந்து, கரைந்து, பிறகு அம்மாற்றம் நீக்கப்பட்டுத் தன்னிலைக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றுவழியில் ஒவ்வொரு படியும் ஒரு கழிவைப் பின்னே விட்டுச் செல்கிறது.

வேதிமாற்றம் ஏதுமின்றிச் செல்லுலோஸை அப்படியே கரைக்கவல்ல பொருள்கள் உண்டு என்பது 1930-களிலேயே தெரிந்திருந்தது. சார்லஸ் கிரானாக்கரும் ரிச்சர்ட் சால்மனும் மூவிணைய அமீன் ஆக்சைடுகளுக்கு அத்திறன் இருப்பதாகப் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 1939-இல் வெளியாயிற்று. ஆயினும் 1969-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் சார்பில் ஜான்சன் பெற்ற காப்புரிமைதான், அவற்றுள் மிகப் பொருத்தமானதாக என்-மெத்தில்மார்ஃபோலின்-என்-ஆக்சைடு என்னும் சேர்மத்தைத் தொழில்துறையின் பார்வைக்குக் கொண்டுவந்தது. நாவுக்கு நீளமான இப்பெயரைத் தொழில்துறையினர் என்.எம்.எம்.ஓ. என்று சுருக்கிச் சொல்வர். இதில் ஒரு நைட்ரஜன் அணுவுடன் ஓர் ஆக்சிஜன் அணு தனியே இணைந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஆக்சிஜன் மீது எதிர்மின் தன்மை மிகுந்து குவிந்திருப்பதால், செல்லுலோஸ் தொடர்கள் தமக்குள் பரிமாறிக்கொண்டிருந்த ஹைட்ரஜன் பிணைப்புகளை அது தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தொடர்களை ஒன்றிடமிருந்து ஒன்றை விடுவிக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு மட்டுமே செல்லுலோஸின் கரையாமைக்குக் காரணம் என்னும் பாடப்புத்தக விளக்கத்தை சுவீடனின் பியோர்ன் லிண்ட்மன் போன்றோர் 2010 முதல் மறுத்து, தொடர்களின் நீர்விலக்கும் முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் அதே அளவுக்கு முக்கியம் என்று வாதிட்டுவருகின்றனர். அந்த விவாதம் பயனுள்ளது என்றாலும், ஆலையின் நடைமுறையில் அதைவிட நீரின் பங்கே தீர்மானிக்கும் காரணியாக நிற்கிறது.

என்.எம்.எம்.ஓ.-வின் ஆக்சிஜனைச் செல்லுலோஸ் நாடுவதைப் போலவே நீரும் நாடுகிறது. நீர் மிகுந்தால், கரைப்பான் மூலக்கூறுகள் நீரிடமே சிக்கிக்கொண்டு செல்லுலோஸைக் கைவிட்டுவிடும். நீர் அறவே இல்லாவிட்டால், தூய என்.எம்.எம்.ஓ. 170 பாகை செல்சியஸைத் தாண்டியே உருகும் என்பதால், அந்த வெப்பத்தில் செல்லுலோஸும் கரைப்பானும் சிதையத் தொடங்கிவிடும். ஒரு மூலக்கூறு என்.எம்.எம்.ஓ.-வுக்கு ஒரு மூலக்கூறு நீர் என்ற விகிதத்தில் அமையும் ஒற்றை நீரேறி, எடையில் ஏறத்தாழ 13 விழுக்காடு நீரைக் கொண்டு, 75 பாகையை ஒட்டி உருகுகிறது. ஆகவே, கரைதல் நிகழக்கூடிய எல்லை மிகக் குறுகியது. செல்லுலோஸ், நீர், கரைப்பான் ஆகிய மூன்றையும் முக்கோண வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், முழுக் கரைசல் கிடைக்கும் பகுதி அதன் ஓர் ஓரத்தில் ஒடுங்கிய பட்டையாக மட்டுமே காணப்படும். இழையாக்கத்துக்குப் பயன்படும் கரைசலில் பொதுவாகச் செல்லுலோஸ் 13, 14 விழுக்காடும், நீர் 10 விழுக்காட்டை ஒட்டியும், எஞ்சியது கரைப்பானுமாக இருக்கும்.

இந்த எண்களைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றும் எண்ணம், 13 விழுக்காடு நீருள்ள கரைப்பானை உருக்கி, அதில் மரக்கூழைப் போட்டுக் கலக்கிவிட்டால் வேலை முடிந்தது என்பதாக இருக்கும். அப்படிச் செய்தால் வேலை கெடும் என்பதிலிருந்துதான் இந்தத் தொழில்நுட்பம் தொடங்குகிறது. வலிய கரைப்பானில் விழுந்த கூழ்த்துணுக்கின் வெளிப்புற நார்கள் உடனே கரைந்து, அடர்ந்த பசைப்படலமாகித் துணுக்கைச் சுற்றி மூடிக்கொள்ளும். அப்படலத்தைத் தாண்டிக் கரைப்பான் உள்ளே செல்வதற்கு நெடுநேரம் பிடிப்பதால், உள்ளே உலர்ந்த நார்க்கட்டி அப்படியே எஞ்சும். கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவோர் கொதிக்கும் நீரில் உலர்ந்த மாவைக் கொட்டாமல், முதலில் மாவைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலையே உலையில் ஊற்றிக் கிளறுவது எந்தக் காரணத்துக்காகவோ, அதே காரணம் இங்கும் செயற்படுகிறது: மாவின் ஒவ்வொரு துகளும் நனைந்துவிட்ட பிறகே அது வேகத் தொடங்க வேண்டும். செல்லுலோஸைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நாரும் முழுதும் நனைந்து ஊறிய பிறகே கரைதல் தொடங்க வேண்டும். அதுவரை கரைதலைத் தள்ளிப்போட வேண்டும்.

கரைப்பானாக இருக்கும் ஒன்றைக் கரைக்காமல் வைத்திருப்பது எப்படி என்றால், வேண்டியதைவிடக் கூடுதலாக நீரைச் சேர்த்துவிடுவதே விடை. 1979-இலும் 1981-இலும் வெளியான காப்புரிமைகளில், அமெரிக்கன் என்கா நிறுவனத்தைச் சேர்ந்த மெக்கார்ஸ்லியும் அவருடைய கூட்டாளியும் விவரித்த வழியின் சாரம் இதுதான். நீர் மிகுந்த கரைப்பானில் செல்லுலோஸ் கரையாது, ஆனால் ஊறும். நார்கள் நீர்மத்தில் பரவி மிதக்கும் இந்நிலையைத் தொங்கல் என்று வேதியியல் நூல்கள் குறிக்கின்றன. அதாவது, கரையாத திண்மத் துகள்கள் ஒரு நீர்மத்தில் விரவி நிற்கும் கலவை. பிறகு அத்தொங்கலைச் சூடாக்கி, காற்றழுத்தத்தைக் குறைத்து, மிகையாக இருந்த நீரை ஆவியாக்கி வெளியேற்றினால், நாரின் உள்ளும் புறமும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் நீர்மம் தானிருக்கும் இடத்திலேயே வலிய கரைப்பானாக மாறி, நாரை உள்ளிருந்தே கரைத்துவிடும். கரைப்பானை வெளியிலிருந்து உட்செலுத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. இவ்வாறு என்.எம்.எம்.ஓ.-வில் கரைத்துப் பெறும் இழையே லையோசெல். அத்தொழிலின் புகழ் பெரும்பாலும் கரைப்பானுக்கும் இழை பிழியும் துளைத்தட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டாலும், இழையின் தரத்தை உண்மையில் முடிவு செய்வது, வெளிப்பார்வைக்கு வெறும் களியாகத் தோன்றும் இந்தத் தொங்கல்தான்.

நீரின் அளவு சிறிது மாறினாலும் நாரின் நடத்தை எந்த அளவுக்கு மாறிவிடுகிறது என்பதை, பிரான்ஸின் சுரங்கக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த பாட்ரிக் நவார், செலின் குயிசினா ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. தனித்தனி நார்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, வெவ்வேறு அளவு நீர் கலந்த என்.எம்.எம்.ஓ.-வில் அமிழ்த்திப் பார்த்தபோது, நீர் 17 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கையில் நார் விரைவில் துண்டுதுண்டாகச் சிதறிக் கரைந்தது. 18 முதல் 24 விழுக்காடு வரை, நாரின் நெடுக ஆங்காங்கே பெருத்துப் புடைத்து, பின் அப்புடைப்புகள் வெடித்துக் கரைதல் நிகழ்ந்தது. 25 முதல் 35 வரை புடைப்பு ஏற்பட்டபோதிலும் கரைதல் முழுமையடையவில்லை. 35-ஐத் தாண்டினால் நார் சீராகச் சற்றே வீங்கியதோடு சரி. புடைப்பு ஏற்படுவதற்குக் காரணம் நாரின் அமைப்பிலேயே இருக்கிறது: நாரின் உட்சுவர் கரைப்பானை உறிஞ்சி விரிய முற்படும்போது, எளிதில் கரையாத மெல்லிய வெளிச்சுவர் அதைத் தடுத்து, பின்னர் கிழிந்து, ஆங்காங்கே வளையமாகச் சுருண்டு நாரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் பலூனாக உப்புகிறது. கார்ல் நேகலி என்னும் தாவரவியலர் இந்தப் புடைப்பை 1864-லேயே கண்டு பதிவு செய்திருந்தார் என்பது, ஒரு தொழில்நுட்பத்துக்கான அறிவு அத்தொழில் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஏதோவொரு நுண்ணோக்கியடியில் காத்துக்கிடக்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

ஆய்வுக்கூடக் குடுவையில் சில கிராம் தொங்கலை உருவாக்குவது எளிது. ஆண்டு முழுவதும், இரவு பகல் நிற்காமல், மணிக்குப் பல டன் என்னும் அளவில், ஒவ்வொரு கணமும் ஒரே இயல்புடைய தொங்கலை உருவாக்குவதுதான் கடினம். தொகுதி முறையில், அதாவது ஒரு கலனை நிரப்பிக் கலக்கி, காலி செய்து, மறுபடி நிரப்பும் முறையில், ஒவ்வொரு தொகுதியும் மற்றொன்றிலிருந்து சற்றே வேறுபடும். அந்த வேறுபாடு இழையின் பருமனிலும் வலுவிலும் வெளிப்படும். விஸ்கோஸ் கரைசலைப் பெருந்தொட்டிகளில் சேர்த்து வைத்துச் சமன்படுத்த முடிந்தது. என்.எம்.எம்.ஓ. கரைசலோ ஆறினால் உறையும், சூட்டில் நெடுநேரம் கிடந்தால் சிதையும். சேர்த்து வைப்பதற்கு அது ஏற்றதன்று. எனவே, இழை பிழியும் பகுதி தொடர்ந்து ஓட வேண்டுமானால், அதற்கு முந்தைய எல்லாப் படிகளும் தொடர்முறையிலேயே, அதாவது ஒருபுறம் மூலப்பொருள் இடைவிடாது நுழைய, மறுபுறம் விளைபொருள் இடைவிடாது வெளியேறும் முறையிலேயே நடந்தாக வேண்டும். நல்லவேளையாக, நீர் மிகுந்தும் வெப்பம் குறைந்தும் இருக்கும் தொங்கல்நிலை மட்டும் ஓரளவு பாதுகாப்பானது என்பதால், ஓட்டத்தில் ஏற்படும் சிறு தடைகளைத் தாங்கிக்கொள்ளும் இருப்புக்கலனை அந்த ஓரிடத்தில் வைத்துக்கொள்ள முடிகிறது.

ஆலைக்கு வந்துசேரும் மரக்கூழ், யூகலிப்டஸ், பீச், ஸ்ப்ரூஸ் போன்ற மரங்களிலிருந்து லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் பெரும்பாலும் நீக்கப்பட்டு, தடித்த தாளாக அழுத்தி உலர்த்தப்பட்டுச் சுருள்களாக வருகிறது. உலர்த்தும்போது நாரிலுள்ள நுண்துளைகள் மூடிக்கொண்டு, மீண்டும் நனைத்தாலும் முழுமையாகத் திறக்காத இறுக்கம் ஒன்று ஏற்பட்டுவிடுகிறது. மரக்கூழ் வல்லுநர்கள் பெரிதும் அஞ்சும் மாற்றம் இது. தாளைத் துண்டாக்கும் கத்தியும் தன் பங்குக்கு ஒரு கேட்டைச் சேர்க்கிறது: வெட்டுவாய் மழுங்கியிருந்தால், துண்டின் ஓரங்கள் நசுங்கி, நார்கள் ஒன்றோடொன்று அழுந்தி, கரைப்பான் நுழைய இடமில்லாமல் போகும். ஓரங்களை நசுக்காமல் கிழித்துப் பிரிக்கும் துணுக்கிகளைத் தேர்வது பற்றிக் காப்புரிமை ஆவணங்கள் பத்தி பத்தியாகப் பேசுவதற்கு இதுவே காரணம். ஒரு கத்தியின் கூர்மை குறைந்ததால் ஏற்படும் விளைவு, பல படிகள் தாண்டி வடிகட்டியின் அடைப்பாகவோ அறுந்த இழையாகவோ தலைகாட்டும்.

துணுக்குகள் எடைபோடும் பட்டையின் மீது ஓட, அவற்றின் அளவுக்கேற்பக் கரைப்பான் நீர்மத்தின் ஓட்டம் தானே கூடவோ குறையவோ செய்கிறது. இங்கே மறக்கக்கூடாத ஒன்று, உலர்ந்ததாகத் தோன்றும் மரக்கூழிலும் ஈரம் உண்டு என்பதும், மழைக்காலத்தில் அது கூடும் என்பதும் ஆகும். நீரின் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒரு முறையில், கூழுடன் கணக்கில்லாமல் நுழையும் நீர் முழு அமைப்பையும் நிலைகுலைக்க வல்லது. சூடாக வைக்கப்பட்ட, ஏறத்தாழ 22 விழுக்காடு நீரும் 78 விழுக்காடு என்.எம்.எம்.ஓ.-வும் கொண்ட நீர்மம் துணுக்குகளைச் சந்திக்கும் முதல் சில நொடிகளே மிக முக்கியமானவை. ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனத்தின் காப்புரிமைகளில் விவரிக்கப்படும் வளையப்படலக் கலப்பான் அந்த நொடிகளுக்காகவே வடிவமைக்கப்பட்டது. கிடைநிலையில் வைத்த உருளைக்குள் மிக வேகமாகச் சுழலும் தண்டு, தன் துடுப்புகளால் கூழையும் நீர்மத்தையும் வெளிநோக்கி எறிய, மையவிலக்கு விசையால் கலவை உருளையின் உட்சுவரோடு ஒட்டிய மெல்லிய வளையமாகச் சுழன்றபடியே மறுமுனையை நோக்கி நகர்கிறது. படலம் மெல்லியதாக இருப்பதால் துடுப்புகள் தீண்டாத மூலை எதுவும் அதில் இல்லை. தேங்கிக் கிடந்து உலரும் பகுதியும் இல்லை. இதற்கு மாறாக, கோர்ட்டோல்ட்ஸ் நிறுவனம் தன் தொடக்கக்கால ஆலைகளுக்காக விவரித்த முறையில், துடுப்புகள் பொருத்திய பெருங்கலனில் கலவை மெதுவாகப் புரட்டப்பட்டது.

செல்லுலோஸ் 12 விழுக்காடு கொண்ட இத்தொங்கல், பெயருக்குத்தான் நீர்மம். உண்மையில் அது தானே பாயாத களி. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் விசை கொடுத்தால்தான் நகரத் தொடங்கும், விசையை நிறுத்தினால் அப்படியே நின்றுவிடும். அழுத்தித் தள்ளினாலோ, நார்கள் ஓரிடத்தில் பின்னிக்கொண்டு சிக்க, நீர்மம் மட்டும் பிதுங்கி முன்னே ஓடிவிடும். குழாய்க்குள் நார் அடைப்பும், அதற்கு முன்னே வெறும் கரைப்பானும் எஞ்சும். எனவே, சாதாரண எக்கிகளை விட்டு, திருகு வடிவத் தண்டுகள் களியை மெல்லத் தள்ளிச் செல்லும் கடத்திகளும், சுவரோரம் தேங்கவிடாத கிளறிகள் கொண்ட இருப்புக்கலன்களும் தேவைப்படுகின்றன. அக்கலனில் கழியும் நிமிடங்கள் வீணாவதில்லை. கலப்பானில் நனைந்த நார்கள் அங்கேதான் உள்வரை ஊறுகின்றன. ஜெர்மனியின் ருடோல்ஷ்டாட் நகரிலுள்ள துரிங்கிய நெசவு-நெகிழி ஆய்வு நிறுவனம் வேறொரு பாதையைத் தேர்ந்தது: கூழை முதலில் வெறும் நீரிலேயே நன்றாகக் குழைத்து, பிழிந்து பெரும்பகுதி நீரை நீக்கி, அந்த ஈரக்கூழை அடர்ந்த கரைப்பானுடன் சேர்க்கும் வழி அது. நீரில் நார்கள் முழுமையாகப் பிரிந்துவிடுவது அதன் சிறப்பு. பின்னர் கூடுதல் நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் அதன் விலை.

எண்களில் பார்த்தால் இதன் கணக்கு எளிது. 100 கிலோ தொங்கலில் 12 கிலோ செல்லுலோஸும், 68.6 கிலோ கரைப்பானும், 19.4 கிலோ நீரும் இருப்பதாகக் கொண்டால், அதிலிருந்து 10 கிலோ நீரை மட்டும் வெளியேற்றினால் எஞ்சும் 90 கிலோவில் செல்லுலோஸ் 13.3 விழுக்காடும், நீர் 10.4 விழுக்காடும் ஆகி, கலவை கரைதல் எல்லைக்குள் வந்துவிடுகிறது. இந்த 10 கிலோ நீரை எடுக்கும் கருவி மென்படல ஆவியாக்கி. செங்குத்தாக நிற்கும் உருளையின் வெளிச்சுவர் நீராவியால் சூடாக்கப்பட, மேலிருந்து இறங்கும் தொங்கலை உள்ளே சுழலும் தகடுகள் சுவரில் மெல்லிய படலமாகத் தேய்த்துக்கொண்டே கீழே தள்ளுகின்றன. உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் நீர் 46 பாகையிலேயே கொதித்துவிடும் என்றாலும், கரைப்பான் பிடித்துவைத்திருக்கும் நீர் அத்தனை எளிதில் விடுபடாததால், கலவையை 100 பாகையை ஒட்டிய வெப்பத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. மேலே களியாக நுழைந்தது, சில நிமிடங்களில் கீழே தேன் நிறத்தில், ஒளி ஊடுருவும் கெட்டிப் பாகாக வெளியேறுகிறது. மேலே நார் ஊறாமல் வந்திருந்தால், அதைச் சரிசெய்ய இந்தச் சில நிமிடங்கள் போதா.

நிமிடங்களை நீட்டித்துக்கொள்வதும் இயலாது. ஏனெனில் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள, கரைக்கும் ஆற்றலைத் தந்த அதே பிணைப்பு, வெப்பத்தில் அறுந்து ஆற்றலை வெளியிடக்கூடியது. அவ்வினையில் என்-மெத்தில்மார்ஃபோலின், மார்ஃபோலின், ஃபார்மால்டிஹைடு முதலியவை உருவாகி, அவற்றுள் சில மேலும் சிதைவைத் தூண்டுவதால், கட்டுப்பாடு நழுவினால் வினை தன்னைத்தானே விரைவுபடுத்திக்கொண்டு வெடிப்பில் முடியலாம். இரும்பு, தாமிரம் ஆகியவற்றின் அயனிகள் மிகச் சிறு அளவில் இருந்தாலும் இச்சிதைவு குறைந்த வெப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே கூழிலும் நீரிலும் கருவிகளின் சுவரிலும் உலோகத் தூய்மை கண்ணும் கருத்துமாகக் காக்கப்படுகிறது, அழுத்தம் மீறினால் தாமே உடைந்து வழிவிடும் தகடுகள் கலன்களில் பொருத்தப்படுகின்றன. ஆஸ்திரியாவைச் சேர்ந்த தாமஸ் ரோசனாவ், ஆண்ட்யே பொட்ஹாஸ்ட் முதலியோர் இச்சிதைவு வழிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட விரிவான தொகுப்புரை இத்துறையின் அடிப்படை நூலாகவே மதிக்கப்படுகிறது. சிதைவைத் தடுக்கப் பெரும்பாலும் சேர்க்கப்படுவது புரோப்பைல் கேலேட். கடுக்காயின் துவர்ப்பிலும் காணப்படும் கேலிக் அமிலத்தின் வழிப்பொருளான இது, எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் இருக்க உணவுத்துறையிலும் பயன்படுகிறது. இத்தடுப்பானையும் தொங்கலை உருவாக்கும்போதே சேர்த்துவிட வேண்டும். கெட்டிப் பாகாக மாறிய பின் அதைச் சீராகப் பரப்புவது நடவாது.

அடுத்து வரும் படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வடிகட்டப்பட்ட கரைசல் ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியே பிழியப்பட்டு, குறுகிய காற்றிடைவெளியில் நீட்டி இழுக்கப்பட்டு, நீர் மிகுந்த தொட்டிக்குள் இறங்குகிறது. அங்கே நீர் கரைப்பானை ஈர்த்துக்கொள்ள, செல்லுலோஸ் திண்ம இழையாகிறது. கழுவிய நீரில் நீர்த்துப்போன கரைப்பான், அயனிமாற்றப் பிசின்களால் தூய்மைப்படுத்தப்பட்டு, ஆவியாக்கிகளில் மறுபடியும் அடர்த்தியாக்கப்படுகிறது. அவ்வாறு மீட்கப்படும் அளவு 99 விழுக்காட்டுக்கும் மேல். மீட்பின்போது கரைப்பானை 78 விழுக்காடு வரை அடர்த்தியாக்கினால் போதும் என்பதைக் கவனிக்க வேண்டும். தொங்கலுக்குத் தேவையானது அந்த நீர் மிகுந்த நீர்மமே என்பதால், ஆபத்து மிகுந்த இறுதி அடர்த்தி செல்லுலோஸோடு கூடிய சில நிமிடங்களுக்கு மட்டுமே நீடிக்கிறது. விஸ்கோஸ் முறையில் பயன்படும் கார்பன் டைசல்ஃபைடோ, கந்தக அமிலமோ, துத்தநாக உப்போ இந்தச் சுழற்சியில் எங்கும் இல்லை. விஸ்கோஸின் இடத்தை இது பிடிக்க வேண்டும் என்று விரும்புவதற்கு இந்த ஒரு வாக்கியமே போதும்.

அமெரிக்கன் என்கா தன் கண்டுபிடிப்பை வணிக நிலைக்குக் கொண்டுசெல்லவில்லை. பிரிட்டனின் கோர்ட்டோல்ட்ஸ் அதைத் தொடர்ந்து வளர்த்து, 1988-இல் கிரிம்ஸ்பியில் சிற்றளவு ஆலையையும், 1992-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபில் நகரருகே முதல் பேரளவு ஆலையையும் நிறுவி, டென்சல் என்ற பெயரில் இழையை விற்றது. லென்சிங் 1997-இல் ஆஸ்திரியாவின் ஹைலிகன்கிராய்ட்ஸில் தன் ஆலையைத் தொடங்கி, 2004-இல் டென்சல் தொழிலையும் வாங்கிக்கொண்டது. அதே நிறுவனம் 2022-இல் தாய்லாந்தின் பிராச்சின்புரியில் ஆண்டுக்கு 1,00,000 டன் திறனுடன் திறந்த ஆலை, ஒரு நூற்றாண்டுக்கு முன் விஸ்கோஸ் ஆலைகள் கனவுகூடக் காணாத அளவில் இத்தொங்கலை நாள்தோறும் உருவாக்குகிறது.

அடுத்த சோதனை மரக்கூழுக்குப் பதிலாகப் பருத்திக் கழிவு மூலப்பொருளாகும்போது வருகிறது. திருப்பூர் போன்ற பின்னலாடை ஊர்களில், வெட்டும் மேசைகளிலிருந்து மலைமலையாகச் சேரும் துணித்துண்டுகள் பெரும்பாலும் செல்லுலோஸே. 2017 முதல் பருத்தி வெட்டுக்கழிவிலிருந்து பெற்ற கூழையும் ஒரு பங்காகச் சேர்த்து லையோசெல் இழைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் பருத்தியின் தொடர்கள் மரத்தினதைவிட நீளமானவை. ஆகவே கரைசல் கட்டுக்கடங்காமல் கெட்டியாகும். சாயங்களில் தாமிரம் இருக்கலாம், நெகிழிநூல் கலந்திருக்கலாம், தைத்த நூல் வேறு பொருளாக இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் தொங்கல்நிலைக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டிய சிக்கல்கள். தீர்க்காமல் விட்டால் ஆவியாக்கிக்குள் ஆபத்தாகவே முடியும். நெசவும் வேதிப்பொறியியலும் கற்பிக்கும் தமிழகக் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்கள் இந்த இடத்தில் செய்யக்கூடியது நிறைய உண்டு: கழிவுப் பருத்தி எந்த அளவு நீரில், எந்த வெப்பத்தில், எத்தனை நிமிடத்தில் ஊறுகிறது என்பதை அளந்து பட்டியலிடுவதற்கு ஒரு நுண்ணோக்கியும், வெப்பநிலை காக்கும் ஒரு தட்டும், பொறுமையும் இருந்தால் போதும். மாணவர்கள் இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.